டிஸ்னி வேர்ல்ட்ல பர்த்டே கேக்: முட்டை கூடாது, ஸ்பைடர்மேன் வேணும், வெயில் வேற!

அட்லாண்டா_அம்மா

வணக்கம் மக்களே, இத்தனை நாளா சத்தம் போடாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் மொத தடவையா எழுதறேன். ஜூலை 24 என் பொண்ணுக்கு அஞ்சு வயசு முடியுது. அந்த வாரம் கார்ல ஆர்லாண்டோ போறோம், டிஸ்னி வேர்ல்ட், பாப் செஞ்சுரி ஹோட்டல்ல ரெண்டு ரூம் போட்டாச்சு. நாங்க நாலு பேர் (சின்னவனுக்கு ரெண்டு வயசுதான், டிக்கெட் வேணாம்னாங்க, அந்தவரைக்கும் புண்ணியம்), கும்பகோணத்துல இருந்து வந்திருக்கிற என் மாமனார் மாமியார், அப்புறம் ராலேல இருந்து வர்ற ஃப்ரெண்ட் ஃபேமிலி நாலு பேர். ஆக மொத்தம் பத்து தலை.

பர்த்டே அன்னிக்கு அங்கயே கேக் வெட்டணும்னு ஆசை. ஆனா பிரச்சனை என்னன்னா அத்தை முட்டை தொட மாட்டாங்க, கேக்ல முட்டை இருக்குன்னு தெரிஞ்சா பேத்தி ஊட்டினாலும் வாயத் திறக்க மாட்டாங்க, போன வருஷம் ப்ரீஸ்கூல் ஃப்ரெண்ட் பர்த்டேல அப்படித்தான் ஆச்சு, குழந்தை முகம் சுருங்கிப்போச்சு. அதனால இந்த தடவை கண்டிப்பா எக்லெஸ்தான் வேணும். ஒரு பெரிய கேக்கும் அத்தைக்குன்னு தனியா ஒரு கப்கேக்கும் வாங்கிடலாம்னு இவர் சொல்றார், எனக்கு அது பிடிக்கல. பாட்டிக்குத்தான் மொத துண்டு ஊட்டுவேன்னு இப்பவே சொல்லிட்டு திரியுது, அந்த துண்டு வெட்டின கேக்குலருந்துதானே வரணும்.

ரெண்டாவது, என் பொண்ணுக்கு எல்சா, ஏரியல்லாம் ஆகாது. ஸ்பைடர்மேன். ஸ்பைடர்மேன் மட்டும்தான். டிஸ்னிலயே கேக் ஆர்டர் பண்ண முடியுமா, எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், பார்க்குக்குள்ள வெச்சு வெட்டலாமா இல்ல ஹோட்டல்லதானா, யாராச்சும் பண்ணியிருந்தா சொல்லுங்க ப்ளீஸ். பப்ளிக்ஸ் சூப்பர்மார்க்கெட்ல ஒண்ண வாங்கிட்டு போயிட்டே இருக்கலாம்ங்கிறார் இவர்.

டாம்பா_தம்பி

அக்கா, நான் டாம்பாலதான் இருக்கேன், பக்கத்துலயே இருக்கிறதால வருஷத்துக்கு நாலஞ்சு தடவை போயிடுவோம், எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

டிஸ்னிக்குன்னே கேக் ஹாட்லைன் ஒண்ணு இருக்கு, 407-827-2253. அந்த கடைசி நாலு எண்ண போன் கீபேட்ல எழுத்தா அமுக்கிப் பாருங்க, கேக்னு வரும். அங்க கூப்பிட்டு எந்த ஹோட்டல்ல இருக்கீங்க, எந்த ரெஸ்டாரண்ட்ல எத்தனை மணிக்கு டேபிள் போட்டிருக்கீங்க, அந்த ரிசர்வேஷன் நம்பர் என்னன்னு சொன்னா அந்த இடத்துக்கே கேக்க கொண்டு வந்து வெச்சிடுவாங்க. சாதாரண சின்ன ரவுண்ட் கேக்னா சில நாள் முன்னாடி சொன்னா போதும், ஆனா உங்களுக்கு முட்டை இல்லாம அதுவும் டிசைனோட வேணும்ங்கறப்ப ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பேசிடுங்க, பேசினதோட விடாம கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இன்னொரு தடவை கூப்பிட்டு கன்ஃபர்ம் பண்ணிக்கோங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பார்க்குக்குள்ள கேக் வரணும்னா உக்காந்து சாப்பிடற ரெஸ்டாரண்ட்ல டேபிள் இருக்கணும். சும்மா கோட்டை முன்னாடி நின்னுக்கிட்டு கேக்க இங்க கொண்டு வாங்கன்னா வராது. டேபிள் ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி திறக்கும், டிஸ்னி ஹோட்டல்ல தங்கறவங்க அன்னிக்கே ட்ரிப்போட மத்த நாளுக்கும் சேர்த்து போட்டுக்கலாம். உங்களுக்கு இப்பவே 60 தாண்டிடுச்சுன்னு நெனைக்கிறேன், பரவால்ல, தினமும் காலைல ஆப்ப திறந்து பாருங்க, கேன்சல் பண்றவங்க இருந்துட்டேதான் இருப்பாங்க. பத்து பேருக்கு ஒரே டேபிள் தேடாதீங்க, ஆறு பேரு நாலு பேருன்னு பிரிச்சு தேடினா சீக்கிரம் மாட்டும்.

இன்னொண்ணு, மிக்கி மினியெல்லாம் டேபிளுக்கே வந்து போட்டோ எடுத்துக்கிற பஃபே இருக்குல்ல, ஷெஃப் மிக்கீஸ் மாதிரி, அங்க கேக் சொல்லாதீங்க. அங்க டெஸர்ட்டும் பஃபேலயே இருக்கும், எல்லாரும் வயிறு முட்ட தின்னுட்டு உங்க கேக்க பாவமா பாப்பாங்க. அப்புறம் மிச்ச கேக்க பெட்டில போட்டு கைல குடுத்துடுவாங்க, ஜூலை மாசம் 33 டிகிரி வெயில்ல அதத் தூக்கிட்டு ரைடு ரைடா சுத்தணும். உங்க ஹோட்டலுக்கு ஸ்கைலைனர் கேபிள் கார் இருக்கு, நல்லா இருக்கும், ஆனா அதுல ஏசி கெடையாது, காத்துதான் வரும். மத்தியானம் இடி மின்னல் வந்தா நிறுத்தியும் வெச்சிடுவாங்க, ஜூலைல அது கிட்டத்தட்ட தினமும் நடக்கற கதை. கேக் பெட்டியோட பஸ்ல போறதுதான் உசிதம்.

என்னக் கேட்டா டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ் போங்க. அது பார்க் இல்ல, கடைத்தெரு மாதிரி, டிக்கெட் வேணாம், பார்க்கிங்கும் ஃப்ரீ. அமோரெட்ஸ் பட்டிசெரின்னு ஒரு கேக் கடை இருக்கு, மிக்கி தலை மாதிரி வழவழன்னு டோம் கேக் போடுவாங்க, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அலங்காரம் பண்றத குழந்தைங்க நின்னு வேடிக்கை பாக்கும். ஆனா முட்டை விஷயம் அங்கயும் கேக்கணும்.

ஸ்பைடர்மேன் பத்தி… அக்கா உங்க பொண்ணு தப்பான பார்க்குக்கு வருது 😂 1994லயே ஸ்பைடர்மேனுக்கு சொந்தக்காரங்களான மார்வெல் கம்பெனி யுனிவர்சல் பார்க்கோட அப்ப இருந்த ஓனருக்கு உரிமை எழுதிக் குடுத்துடுச்சு. 2009ல டிஸ்னி மார்வெலையே விலைக்கு வாங்கினாலும் அந்த ஒப்பந்தம் அப்படியே நிக்குது. அதனால ஃப்ளோரிடால ஸ்பைடர்மேன் இருக்கிறது யுனிவர்சல்ல, ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பார்க்ல. கலிஃபோர்னியா டிஸ்னிலன்னா அவரு சுவத்துல தாவிக்கிட்டு இருப்பாரு, அங்க அந்த ஒப்பந்தம் செல்லாது, மிசிசிப்பி ஆத்துக்கு கிழக்கால மட்டும்தான் இந்த தகராறு. அதனால ஹாட்லைன்ல மொத கேள்வியே ஸ்பைடர்மேன் கேக் போடுவாங்களான்னு கேளுங்க.

மாவும்_சர்க்கரையும்

டல்லாஸ்ல வீட்டுலருந்தே கேக் ஆர்டர் எடுத்து பண்றேன், ஆறு வருஷமாச்சு, நம்ம ஊர் ஆளுங்கதான் கஸ்டமர் பாதிப் பேர், அதனால எக்லெஸ் எனக்கு தினப்படி பொழப்பு. டாம்பா தம்பி எல்லாம் கரெக்டா சொல்லிட்டார், நான் கேக்குக்கு உள்ள என்ன இருக்கும்ங்கறத மட்டும் சொல்றேன்.

மொத விஷயம், போன்ல பேசறப்ப வெஜிடேரியன்ங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது. இங்க வெஜிடேரியன்னா முட்டை உண்டு. எக்லெஸ்னு சொன்னாலும் நெறைய பேருக்கு அது ஒரு வகையா படாது, நம்ம ஊர்ல மாதிரி போர்டுல எழுதி வெச்ச விஷயமில்ல இங்க. வீகன் கேக் வேணும்னு கேளுங்க. வீகன்னா முட்டையும் இருக்காது, ஜெலட்டினும் (மிருகத்தோட எலும்பு, தோல்லருந்து எடுக்கிறது) இருக்காது, பால் கூட இருக்காது, உங்களுக்கு பால் ஓகேதான்னாலும் இந்த ஒரு வார்த்தைல எல்லா கதவும் அடைபட்டுடும். அப்பவும் நம்பாம முட்டை உண்டா ஜெலட்டின் உண்டான்னு தனித்தனியா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா எனக்கே நடந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி இன்னொரு ஸ்டேட்ல ஒரு கல்யாண நாள் ஃபங்ஷனுக்கு போனோம், கூட வந்தவங்க அங்க ஒரு பேக்கரில முட்டை இல்லாத கேக்னு கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. கேக்ல முட்டை இல்லதான். மேல பூசின க்ரீம் ஸ்விஸ் மெரிங் பட்டர்க்ரீம், அதுன்னா முட்டை வெள்ளைக்கருவ சர்க்கரையோட சூடு பண்ணி அடிக்கிறது. நடுவுல இருந்த மூஸ்ல ஜெலட்டின். வாயில வெச்சதும் எனக்கு தெரிஞ்சுபோச்சு, ஆனா அதுக்குள்ள ரெண்டு மாமி ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டு முடிச்சு நல்லாருக்கேன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நான் என்ன பண்றது சொல்லுங்க, வாய மூடிட்டேன், இன்னி வரைக்கும் சொல்லல. கேட்டது கேக்குக்கு மட்டும், பூச்சுக்கு யாரும் கேக்கல.

அதனால கேக், நடுவுல வர்ற ஃபில்லிங், மேல பூசற க்ரீம், அலங்காரம், நாலுக்கும் நாலு தடவை கேக்கணும். ஃபாண்டன்ட்லயும் (கேக் மேல போர்த்தற சர்க்கரை மாவு) மார்ஷ்மெல்லோலயும் ஜெலட்டின் வரும். சிவப்பு கலர்ல கார்மைன்னு ஒண்ணு இருக்கு, பூச்சிலருந்து எடுக்கிறது, லேபிள் இருந்தா அதுல பேரு போட்டிருக்கும். உங்களுக்கு ஸ்பைடர்மேன் சிவப்பு வேற வேணும், அதான் சொல்றேன்.

டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ்லயே எரின் மெக்கென்னாஸ் பேக்கரின்னு ஒண்ணு இருக்கு, கடை முழுக்க வீகன், க்ளூட்டனும் (கோதுமைல இருக்கிற புரதம்) கிடையாது. மொத்த கடையிலயும் முட்டையே இல்லன்னா பயமே இல்லாம வாங்கலாம்ல, உங்க அத்தைக்கு அதுதான் நிம்மதி. முன்னாடியே சொல்லிட்டா முழு கேக்கும் பண்ணித் தருவாங்க. ஆனா பொய் சொல்லக்கூடாது, கோதுமை மாவு இல்லாத கேக்குக்கு ஒரு மணல் மாதிரி உதிர்ற தன்மை இருக்கும், நம்ம ஊரு ஐயங்கார் பேக்கரி கேக்க மனசுல வெச்சுக்கிட்டு கடிச்சா வேற மாதிரிதான் இருக்கும். முந்தின நாளே போய் ஒரு கப்கேக் வாங்கி எல்லாருக்கும் ஒரு வாய் குடுத்துப் பாருங்க.

சைஸ்: 6 இன்ச் ரவுண்ட்னா ஆறுலருந்து எட்டு பேரு, உங்க பத்து பேருக்கு 8 இன்ச் தாராளம். ஹோட்டல் ரூம்ல இருக்கிறது குட்டி ஃப்ரிட்ஜ், அதனால பெரிய பெட்டி வாங்கிட்டு வந்து கதவு மூடலன்னு நிக்காதீங்க.

ஆங், இன்னொண்ணு. அனிமல் கிங்டம் லாட்ஜ் பக்கம் போனீங்கன்னா ஸீப்ரா டோம்னு அழகா கருப்பு வெள்ளை கோடு போட்டு ஒரு டெஸர்ட் வெச்சிருப்பாங்க, பாத்தா குழந்தை சமாச்சாரம் மாதிரி இருக்கும். அதுல அமருலான்னு தென்னாப்பிரிக்கா சரக்கு கலந்திருக்கு. பெரியவங்க தட்டுல எடுத்து வெச்சிடப் போறீங்க.

சும்மா_ஒரு_கருத்து

எதுக்கு இவ்ளோ கஷ்டம், முட்டை அலர்ஜின்னு சொல்லிடுங்க, வேலை முடிஞ்சது. நாங்க எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்றது, ஷெஃப்பே வெளிய வந்து பேசுவாரு, ராஜமரியாதை.

எப்பிபென்_அம்மா

மேல சொன்னவர் கோவிச்சுக்காதீங்க, ஆனா தயவுசெஞ்சு இத சொல்லிக் குடுக்காதீங்க. என் பையனுக்கு நெஜமாவே முட்டை அலர்ஜி, ரெண்டு தடவை எமர்ஜென்சி போயிருக்கோம், எங்க போனாலும் பைல ரெண்டு எப்பிபென் ஊசி இருக்கும். அலர்ஜின்னு சொன்னா அவங்க கிச்சன்ல தனி பாத்திரம், தனி கரண்டி, கை கழுவி புது க்ளவுஸ், அடுத்த டேபிள காக்க வெச்சு நமக்கு பண்றாங்க. டிஸ்னிய நாங்க திரும்பத் திரும்ப தேர்ந்தெடுக்கறதுக்கு காரணமே அவங்க முட்டை, பால், கடலைன்னு தனி மெனுவே வெச்சிருக்காங்கங்கறதுதான். இப்படி அலர்ஜின்னு சொல்லி வாங்கிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு பக்கத்து ப்ளேட்லருந்து முட்டை போட்ட ஐஸ்க்ரீம எடுத்து சாப்பிடறவங்கள அந்த சர்வர் எத்தனை பேர பாத்திருப்பாரு? அப்புறம் என் பையன் போய் நிக்கிறப்ப அவரு எங்கள எப்படி நம்புவாரு?

மத காரணத்துக்காக முட்டை சாப்பிட மாட்டோம்னு சொன்னா அதையும் மதிச்சுதான் பண்றாங்க. எங்க மாமனார் விஷயத்துல அப்படித்தான் சொல்லுவோம், ஒரு தடவை கூட முகம் சுளிச்சதில்ல. ரிசர்வேஷன் போடறப்பவே குறிப்புல எழுதிடுங்க, டேபிள்ல உக்காந்ததும் இன்னொரு தடவை சொல்லுங்க.

சும்மா_ஒரு_கருத்து

சரிங்க, இந்தக் கோணத்துல யோசிக்கல. வாபஸ்.

அட்லாண்டா_அம்மா

அடேயப்பா, ஒரே ராத்திரில இவ்வளவு பதிலா! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அலர்ஜின்னு சொல்ல மாட்டேன், சத்தியமா. மிசிசிப்பி ஆத்துக்கு கிழக்கால டிஸ்னில ஸ்பைடர்மேன் இல்லங்கிறத அஞ்சு வயசுக்கு எப்படி விளக்கறதுன்னுதான் தெரியல. யுனிவர்சலுக்கும் ஒரு நாள் போகலாமான்னு இவர்கிட்ட கேட்டேன், டிக்கெட் விலைய பாத்துட்டு வந்து பேசுன்னுட்டார்.

புதுசா ஒரு பிரச்சனை வந்திருக்கு, அத்தைகிட்ட இந்த த்ரெட்ட படிச்சுக் காட்டினேன், அது என் தப்பு. கேக்கெல்லாம் இருக்கட்டும்டி, ஆனா பொறந்தநாளும் அதுவுமா ஏத்தின வெளக்க வாயால ஊதி அணைப்பாளா குழந்தைன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க பக்கம் நட்சத்திரப்படிதான் கொண்டாடுவாங்க, அது ஜூலை 24ல கூட வரல இந்த வருஷம். நான் ரெண்டும் கொண்டாடிக்கலாம் அத்தைன்னு சமாளிச்சு வெச்சிருக்கேன்.

காவேரி_கரை_பாட்டி

குழந்தே, நான் ஸ்ரீரங்கம், இப்போ பையனோட நியூஜெர்சில இருக்கேன். உங்க மாமியார் சொல்றது எங்க வீட்டுலயும் நடந்ததுதான். எங்காத்துக்காரருக்கு அறுபது முடிஞ்சப்ப ஊர்ல சஷ்டியப்தபூர்த்தி ஹோமம், அபிஷேகம் எல்லாம் ஆச்சு, சாயங்காலம் பேரன் பேத்தி எல்லாம் சேர்ந்து கேக் வேணும்னு நின்னுதுகள். மெழுகுவத்திய ஊதக் கூடாதுன்னு அவர் ஒரே பிடிவாதம். கடைசில என்ன பண்ணினோம், கேக்ல எதுவும் வெக்கல, பக்கத்துல குத்துவிளக்க ஏத்தி வெச்சோம், ஏத்தினது ஏத்தினபடியே எரியட்டும்னு, கேக்க வெட்டினோம். யாருக்கும் குறையில்லை.

ஹோட்டல்ல குத்துவிளக்கெல்லாம் ஏத்த முடியாது, புகை மணி அடிச்சு ஊரே வெளிய வந்துடும். பேட்டரில எரியற மெழுகுவத்தி விக்கறானே டாலர் கடைல, அத வெச்சுடு. குழந்தை ஊதினா பின்னாடிலேர்ந்து யாராவது சுவிட்ச அமுக்கட்டும், மாமியார்கிட்ட அது வெளக்கே இல்லை பொம்மைன்னு சொல்லு. ரெண்டு பேருக்கும் திருப்தி.

அங்க சானான்னு ஒரு ஓட்டல், என் பையன் அழைச்சுண்டு போனான், மிருகங்களுக்கு நடுவுல அந்த ஆப்பிரிக்கா லாட்ஜ்ல இருக்கு. நம்மூர் மாதிரி நான், குல்ச்சான்னு அஞ்சு தினுசு ரொட்டியும், தொட்டுக்க ஒம்போது கிண்ணமும் கொண்டு வெச்சான், ஜன்னலுக்கு வெளில ஒட்டகச்சிவிங்கி நடந்து போறது. உங்க மாமனார் மாமியாருக்கு அந்த ஊர்ல வேற எது பிடிக்கறதோ இல்லையோ அது பிடிக்கும். நான்ல முட்டை போடறாளான்னு மட்டும் கேட்டுக்கோ. நாங்க கேட்டுட்டுதான் சாப்பிட்டோம்.

மாவும்_சர்க்கரையும்

பாட்டி, பேட்டரி மெழுகுவத்தி ஐடியாவுக்கு ஒரு கும்பிடு 🙏 நான் இனிமே கஸ்டமருக்கெல்லாம் சொல்லப்போறேன்.

ஸ்பைடர்மேனுக்கு ஒரு வழி சொல்றேன். இங்க நிறைய கடைல கேரக்டர் படத்த அவங்களா வரைஞ்சு தர மாட்டாங்க, காப்பிரைட் பிரச்சனை, சூப்பர்மார்க்கெட்ல லைசென்ஸ் வாங்கின பொம்மை செட்டு இருந்தா அத வெச்சுக் குடுப்பாங்க அவ்வளவுதான். நீங்க கேக்க வெறுமனே சொல்லுங்க, மேல கருப்புல சிலந்தி வலை மட்டும் போடச் சொல்லுங்க, வலைக்கு யாரும் காப்பிரைட் கேக்க முடியாது. வீட்டுல இருக்கிற ஸ்பைடர்மேன் பொம்மைய நல்லா சோப்பு போட்டு கழுவி எடுத்துட்டு போய் வெட்டறதுக்கு முன்னாடி மேல நிக்க வெச்சிடுங்க. கேக் முழுக்க சிவப்பா கேக்காதீங்க, வெள்ளை க்ரீம அந்த அடர் சிவப்புக்கு கொண்டு வரணும்னா கலர் அவ்வளவு கொட்டணும், கசக்கும், எல்லாருக்கும் பல்லும் நாக்கும் ரத்தம் குடிச்ச மாதிரி ஆயிடும், போட்டோவுக்கு நல்லாருக்காது. வெள்ளைல கருப்பு வலை, ஓரத்துல ஒரு கோடு சிவப்பு, அது போதும்.

கிஸ்ஸிமீ_வீட்டுக்காரன்

எல்லாரும் ஆர்டர் பண்றதப் பத்தியே பேசறீங்க, நாங்க பண்ணினத சொல்றேன். நாங்க எப்பவுமே ஹோட்டல்ல தங்கறதில்ல, கிஸ்ஸிமீ பக்கம் நீச்சல்குளத்தோட வீடு வாடகைக்கு எடுத்துடுவோம், மூணு ஃபேமிலி சேர்ந்தா ஹோட்டல விட மலிவு, அடுப்பு இருக்கும், காலைல இட்லி ஊத்திட்டு பார்க்குக்கு கிளம்பலாம். போன தடவை காஸ்ட்கோல போய் கேக் வாங்கினேன், அரை ஷீட், 48 பேருக்கானது, நாங்க ஒம்போது பேர். மூணு நாள் காலை டிபனே கேக்குதான், பசங்க பள்ளிக்கூடம் திறந்தும் கேக்னா ஓடுதுங்க. அதுலயும் முட்டை இருந்துது, எங்க அம்மா தொடல.

அடுத்த நாள் என் ஒய்ஃப் ஒண்ணு பண்ணினா பாருங்க. சூப்பர்மார்க்கெட்ல டப்பால கேக் மிக்ஸ் விக்குதுல்ல, அதுல போட்டிருக்கிற முட்டை, எண்ணெய், தண்ணி எதுவுமே சேக்கல. மிக்ஸ கொட்டி அதுல ஒரு 12 அவுன்ஸ் ஸ்ப்ரைட் கேன உடைச்சு ஊத்தி கலக்கி அப்படியே 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவன்ல வெச்சா. அரை மணில சும்மா புசுபுசுன்னு எழும்பிடுச்சு. மேல கடைல விக்கற டப்பா ஃப்ராஸ்டிங், லேபிள படிச்சுட்டு வாங்கினது. எங்கம்மா ரெண்டு துண்டு கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க. மிக்ஸ் டப்பாலயும் லேபிள் பாத்துக்கோங்க, அதான் எல்லாத்துக்கும் மொத வேலை.

மாவும்_சர்க்கரையும்

தொழில் பண்றவளா எனக்கு வயிறெரியுது, ஆனா அந்த ஸ்ப்ரைட் கேக் நெஜமாவே வரும் 😅 மிக்ஸ்ல ஏற்கனவே இருக்கிற பேக்கிங் பவுடர்தான் தூக்குது, சோடால இருக்கிற கேஸும் கொஞ்சம் கை குடுக்கும். கலக்கிட்டு அரட்டை அடிச்சிட்டு நிக்காதீங்க, நுரை அடங்கறதுக்குள்ள ஓவனுக்குள்ள போயிடணும். ரெண்டு அடுக்கு வெச்சு கட்டறதுக்கு தாங்காது, உதிரும், ட்ரேல வெச்சபடியே வெட்டி சாப்பிடத்தான்.

டாம்பா_தம்பி

பார்க்குக்குள்ள வெளி சாப்பாடு எடுத்துட்டு போகலாம்ங்கறத சொல்ல மறந்துட்டேன், செக்யூரிட்டில பைய திறந்து பாப்பாங்க அவ்வளவுதான். கண்ணாடி பாட்டில் கூடாது, கூலர் 24க்கு 15க்கு 18 இன்ச்ச தாண்டக் கூடாது, ட்ரை ஐஸும் கொட்டின ஐஸ்கட்டியும் கூடாது, உறைய வெச்ச ஐஸ் பேக் ஓகே. கேக் வெட்டற கத்திய வீட்டுலருந்து எடுத்துட்டு போயிடாதீங்க, ப்ளாஸ்டிக் போதும். அப்புறம் கெஸ்ட் ரிலேஷன்ஸ்லயோ ஹோட்டல் ரிசப்ஷன்லயோ பர்த்டே பேட்ஜ் ஃப்ரீயா தருவாங்க, காலைலயே வாங்கி சட்டைல குத்தி விட்டுடுங்க, அன்னிக்கு பூரா பாக்கிற ஸ்டாஃபெல்லாம் வாழ்த்து சொல்லிட்டே இருப்பாங்க. மாமனாருக்கும் மொத தடவை வர்றவங்க பேட்ஜ் ஒண்ணு வாங்கிக் குடுங்க.

அட்லாண்டா_அம்மா

போயிட்டு வந்துட்டோம்! அப்பவே எழுதணும்னு நெனச்சேன், வந்ததும் ஸ்கூல் திறந்து ஒரே அமளி.

கடைசில டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ்ல அந்த வீகன் கடைலதான் சொன்னோம், 8 இன்ச் வெள்ளை கேக், கருப்பு வலை. முந்தின நாள் கப்கேக் வாங்கி ருசி பாத்தோம், மாமனார் இது ரவா லட்டு பதம் தப்பின மாதிரி இருக்குன்னார், அத்தை மட்டும் முட்டை இல்லாட்டி சரின்னு முழுசா சாப்பிட்டுட்டாங்க. காலைல மேஜிக் கிங்டம், மத்தியானம் மூணு மணிக்கு வானம் கிழிஞ்ச மாதிரி மழை, நேரா ரூமுக்கு வந்து எல்லாரும் படுத்து தூங்கிட்டு, இவர் மட்டும் கார எடுத்துட்டு போய் ஏசிய ஃபுல்லா வெச்சு கேக்க மடில வெச்ச மாதிரி கொண்டு வந்தார். ராலே ஃப்ரெண்ட்ஸ் ரூம்ல வெச்சு வெட்டினோம். ரெஸ்டாரண்ட்டெல்லாம் இல்ல, பத்து பேருக்கு டேபிள் கிடைக்கவே இல்ல தம்பி, பிரிச்சும் தேடிப் பாத்துட்டேன். சானா மட்டும் மறுநாள் மத்தியானம் கிடைச்சுது. பாட்டி, நீங்க சொன்னது அப்படியே, ஒட்டகச்சிவிங்கிய பாத்துட்டு மாமனார் ரொட்டிய மறந்துட்டார்.

பேட்டரி மெழுகுவத்தி விஷயத்துல ஒரு கூத்து. பொண்ணு ஊதினா, ராலே ஃப்ரெண்டோட பையன்தான் சுவிட்ச் டியூட்டி, அவன் பராக்கு பாத்துட்டு நின்னுட்டான். இவ ஊதறா ஊதறா எரிஞ்சிட்டே இருக்கு. அத்தைக்கு ஒரே சந்தோஷம், பாத்தியா அணையவே மாட்டேங்குதுன்னு. கடைசி வரைக்கும் அணைக்க விடல. மொத துண்டு அத்தைக்குத்தான் போச்சு.

எப்பிபென்_அம்மா

ரொம்ப சந்தோஷம்! ஸ்பைடர்மேன் பொம்மை கேக் மேல நின்னுச்சா?

அட்லாண்டா_அம்மா

நின்னுச்சு, ஆனா கழுவி எடுத்து வெச்ச பொம்மை அட்லாண்டாலயே டிஷ்வாஷர் மேல இருந்துபோச்சு. பப்ளிக்ஸ் போய் தேடினோம் கிடைக்கல, கடைசில சின்னவனோட செருப்புல ஒட்டியிருந்த ரப்பர் ஸ்பைடர்மேன் பட்டன பிடுங்கி கழுவி வெச்சோம். இப்ப அந்த செருப்புல ஒத்தைக் கால்ல மட்டும்தான் ஸ்பைடர்மேன் இருக்கு, அவ திருப்பித் தர மாட்டேங்கிறா.